மணமக்களுக்குள் ஒரு மாப்பிள்ளை

உங்களில் யாராவது, கல்யாணத்துக்கு நாள் குறித்த ஒரு பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, "நீ சுத்தமா இருக்கியா?" என்று கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். இன்றைக்கு அப்படிக் கேட்டால் அவள் போனை எடுத்து வீடியோ பிடித்துவிடுவாள், அதுவும் சரிதான். நான் ஊழியக்காரியாகச் சேர்ந்த காலத்தில் அது என் வேலையில் சேர்த்தி. நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, ஞாயிறு பள்ளி நடத்துவது, பெண்கள் ஜெபக்கூட்டம், அதோடு இந்தக் கேள்வியும்.

சபை ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். ஜெபம் செய்வதும் பிரசங்கம் தயாரிப்பதும் உங்கள் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை. அவர்கள் சொல்லித் தராத ஒன்று உண்டு. மேஜையைச் சுற்றி ஆண்கள் மட்டும் உட்கார்ந்து, அங்கே இல்லாத ஒரு பெண்ணைப் பற்றித் தீர்ப்பு எழுதும்போது, அந்த அறையில் இருக்கும் ஒரே பெண் நீங்களாக இருந்தால் என்ன செய்வது? அது ஒரு நாள் உங்களுக்கும் வரும். எனக்கு வந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சபை பிரேசர் டவுனில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயர் மணமக்கள் பெயரை வாசிப்பார். மூன்றாம் ஞாயிறு வாசித்து முடித்ததும் சபைச் செயலர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வாக்கியம் சொல்வார்: "சபை ஒழுங்கின்படி சுத்தமுள்ள மணமக்களுக்கே நெட்டும், பூச்செண்டும், பாட்டும், மணியும், நடுவாசலும் உண்டு." நெட் என்றால் மணப்பெண் தலையில் போட்டுக்கொள்ளும் வெள்ளை முக்காடு. அந்த வாக்கியத்தை யார் எப்போது எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம்.

பெண் சுத்தமில்லை என்று சபைப் பெரியவர்களின் கமிட்டி முடிவு செய்தால் அவளை யாரும் திட்ட மாட்டார்கள். அதெல்லாம் நாகரிகமாகத்தான் நடக்கும். அவளுக்கு நெட் கிடையாது, பாடகர் குழு வராது, மணி அடிக்காது. பக்கவாசல் வழியாக வந்து, தாலி வாங்கிக்கொண்டு, பக்கவாசல் வழியாகவே போக வேண்டும். மணி அடிக்காத கல்யாணம் என்றால் அந்த வட்டாரம் முழுக்க அன்றைக்கே தெரிந்துவிடும். மாப்பிள்ளை? மாப்பிள்ளை கோட்டு சூட்டு போட்டு, பாக்கெட்டில் ரோஜாப்பூ குத்தி, ராஜா மாதிரி முன்னால் நிற்பார். கோட்டுக்கு எந்த ஒழுங்கும் கிடையாது.

பெண்ணை விசாரிக்க வேண்டியது நான். விசாரித்துவிட்டுக் கமிட்டியில் வந்து "விசாரிச்சாச்சு" என்று சொன்னால்தான் மூன்றாம் வாசிப்பு. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த ஊழியக்காரம்மா பெரிய கில்லாடி. பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த அன்று என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இன்னா கேக்கணும்னு அவங்க சொல்லல. விசாரிச்சியான்னு மட்டும்தான் கேப்பாங்க. நீ போய், நல்லா இருக்கியா கண்ணு, சாப்பிட்டியா, ஒழுங்கா தூங்கறியா, மாமியாரு எப்படின்னு விசாரி. வந்து, விசாரிச்சாச்சுன்னு சொல்லு. இதுல இன்னா பொய் இருக்குது?"

ஒரு பொய்யும் இல்லை. தமிழுக்கு நன்றி சொல்லிக்கொண்டு பல வருடங்கள் அப்படித்தான் ஓட்டினேன். எத்தனையோ பெண்களை "சாப்பிட்டியா" என்று விசாரித்து நடுவாசல் வழியாக அனுப்பி வைத்திருக்கிறேன். சில பெண்களின் விஷயம் மட்டும் என் காதுக்கு வருவதற்கு முன்னாலேயே கமிட்டியின் காதுக்குப் போய்விடும். அங்கே என் தந்திரம் செல்லாது.

அந்தக் கமிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. ஒரு முறை, தன் மனைவியைப் பெல்ட்டால் அடிக்கிற ஒரு மனிதனைப் பற்றிப் பேச வேண்டும் என்று எழுந்தேன். அந்த அம்மாள் முதுகை நான் கண்ணால் பார்த்திருந்தேன். "அது குடும்ப விஷயம் சிஸ்டர், ஜெபிச்சுக்குங்க" என்று சொல்லி, தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். அடுத்த விஷயம், ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி கை இல்லாத ரவிக்கை போட்டு வந்தது. அதற்கு அடேயப்பா, என்ன கவலை, என்ன கண்ணீர், எத்தனை வசனம்! இருட்டும் வரை பேசினார்கள். பையனுக்குப் பெண் பார்க்கும்போது "நம்ம ஆளுங்கதானே?" என்று முதலில் சாதியைக் கேட்கிறவர்கள், வரதட்சணையில் ஸ்கூட்டர் நிறம் வரைக்கும் பேசுகிறவர்கள், அவர்களுக்கெல்லாம் பாவம் என்றால் அது பெண்பிள்ளையின் உடம்பில் மட்டும்தான் குடியிருந்தது. எனக்கு வயிறு எரியும். அதற்கு மேல் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று எரிந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் மேபலின் கல்யாணம் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேபல் எங்கள் சபைப் பிள்ளை. அப்பா இல்லை. அம்மா பக்கத்திலேயே ஒரு சந்தில் தையல் மெஷின் வைத்துக்கொண்டு, ஆராதனை, பெண்கள் கூட்டம், உபவாசக் கூட்டம் ஒன்று விடாமல் வருகிறவர். மேபலுக்கு ஊருக்கு வெளியே பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் பாக்கிங் வேலை. தினம் போய்வர முடியாமல், பக்கத்திலேயே சந்தாபுராவில் சில பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஞாயிறு மட்டும் அம்மாவிடம் வருவாள். மாப்பிள்ளை சாமுவேல், அதே பொம்மசந்திராவில் லேத் ஓட்டுகிறவன், அவனும் எங்கள் சபைதான். நல்ல பையன், பேச்சு குறைவு.

இரண்டு வாசிப்பு ஆகிவிட்டது. மூன்றாம் வாசிப்புக்கு முந்தின வாரம் செயலர் என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், அந்தப் பொண்ணப் பத்தி ஒரு மாதிரி பேச்சு இருக்குது. சனிக்கிழமை கமிட்டியில சும்மா விசாரிச்சேன்னு சொல்லிட்டுப் போக முடியாது. நீங்க இன்னா கேட்டீங்க, அவ இன்னா சொன்னா, வார்த்தைக்கு வார்த்தை சொல்லணும். நமக்குன்னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க ஐயா" என்றேன்.

"இல்லன்னா உங்க ஊழியத்தப் பத்தியும் கமிட்டி யோசிக்க வேண்டி வரும்" என்றார், மிகவும் அன்பாக.

அந்தப் பேச்சு என்னவென்று எனக்கும் அரைகுறையாகத் தெரியும். சந்துக்கே தெரியும். மேபல் அதற்கு முன்னால் ஒருவனோடு பழகினாள். அவன் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். முந்தின வருடம்தான் எங்கள் சபையிலேயே அவனுக்குக் கல்யாணம் நடந்தது, கோட்டு, ரோஜாப்பூ, பாடகர் குழு, மணி எல்லாவற்றோடும். யார் அவன் என்பது மட்டும் சந்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். இதே செயலரின் மகன்.

மறுநாள் பஸ் பிடித்துச் சந்தாபுராவுக்குப் போனேன். மேபல் ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவிவிட்டு, என் எதிரில் பாயில் உட்கார்ந்தாள். கூட இருந்த பெண்களைக் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

"சாப்பிட்டியா மேபல்?" என்றேன்.

"ஆன்ட்டி, விளையாடாதீங்க. இன்னா கேக்க வந்தீங்களோ அத கேளுங்க."

"நான் ஒண்ணும் கேக்க வரல."

"அப்போ நானே சொல்லிடறேன். ஆமா ஆன்ட்டி. கட்டிக்கறேன்னு சொன்னான், நம்பினேன். இங்கதான் வருவான், அவங்க அப்பாவோட ஸ்கூட்டர்ல. சாமுக்கு எல்லாம் தெரியும். பொண்ணு கேக்க வந்தப்பவே சொல்லிட்டேன். 'சரி, அப்புறம்?'னு கேட்டாரு. அவ்ளோதான் கேட்டாரு."

அவள் அழவில்லை. நான் அவசர அவசரமாகச் சொன்னேன்: "நீ கவலப்படாத. நான் கமிட்டியில போய், கேட்டேன், ஒண்ணும் இல்லன்னு சொல்லிடறேன்."

"வேணாம் ஆன்ட்டி. பொய் சொல்லிப் போட்டுக்கற நெட் எனக்கு வேணாம். சர்ச்ல நிக்கறப்போ அதுவே நெனப்பா இருக்கும்."

"சரி. அப்போ உண்மையச் சொல்றேன். அவன் பேரையும் சேத்துச் சொல்றேன். அவங்க அப்பன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறாருன்னு பாக்கலாம்!"

மேபல் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது மட்டும் கூடாது. அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா ஆன்ட்டி. எனக்கு அவள தெரியும், சின்ன பொண்ணு. அவ இன்னா பண்ணா? அவன் பேரு உங்க வாயில வரக்கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

"பைபிள்படி நாம யாரும் சத்தியம் பண்ணக்கூடாதுடி."

"அப்போ சும்மா சொல்லுங்க."

சொன்னேன். பேரை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கோபத்தில் கேட்டேன்: "பொய்யும் வேணாம், உண்மையும் வேணாம். அப்போ பக்கவாசல்ல போறியா?"

"இல்ல. எனக்கு நெட் வேணும்." அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எனக்காக இல்ல ஆன்ட்டி. மணி அடிக்கலன்னா எங்க அம்மா அதுக்கப்புறம் அந்த சர்ச்சுக்குள்ள கால் வெக்க மாட்டாங்க. அத விட்டா அவங்களுக்குப் போறதுக்கு வேற எடமே கெடயாது."

ஒசூர் ரோட்டில் பஸ் நின்று நின்று போனது. நானும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். செயலரைத் திட்டினேன், அவர் மகனைத் திட்டினேன், இவ்வளவு நல்லவளாய் இருந்து என் கையைக் கட்டிப்போட்ட மேபலையும் திட்டினேன். பிரேசர் டவுனில் இறங்கும்போது என்னிடம் ஒரு யோசனையும் இல்லை. ஜெபித்தீர்களா என்று கேட்பீர்கள். ஜெபித்தேன். பதில் வந்த மாதிரி தெரியவில்லை.

சனிக்கிழமை கமிட்டி கூடியது. எல்லோருக்கும் பிஸ்கட்டும் டீயும் வந்தது. ஆயர் புதிதாக மாற்றலாகி வந்தவர். பயந்த சுபாவம், நல்லவர். அன்றைக்கு மேஜை விரிப்பின் பூவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற விஷயங்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, செயலர் நேரே என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன் ஐயா."

"இன்னா கேட்டீங்க? அவ இன்னா சொன்னா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும், அவ்வளவுதான். வேறு எந்தத் திட்டமும் கிடையாது. நேரம் வாங்குவதற்காகச் சொன்னேன்:

"ஐயா, ஒழுங்கு இன்னான்னு எல்லாருக்கும் முன்னால ஒரு தடவ சொல்லிடுங்க. அப்புறம் நான் சொல்றேன். முறைப்படி நடக்கட்டும்."

முறைப்படி என்ற வார்த்தை அவருக்குச் சர்க்கரை. எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "சபை ஒழுங்கின்படி, சுத்தமுள்ள மணமக்களுக்கே நெட்டும், பூச்செண்டும், பாட்டும், மணியும்..." என்று கணீரென்று சொன்னார்.

எத்தனை வருடமாகக் கேட்ட வாக்கியம்! அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஐயா, மணமக்கள்னா யாரு?"

"இது இன்னா கேள்வி சிஸ்டர்? கல்யாணப் பொண்ணு."

"கல்யாணப் பொண்ணுன்னா மணமகள். நீங்க சொன்னது மணமக்கள். நடுவுல 'க்'னு ஒண்ணு இருக்குது பாருங்க. அது யாரு?"

ஒருவர் பிஸ்கட்டைக் கடித்தபடி அப்படியே நிறுத்திவிட்டார். அப்போது மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயர் தலையை நிமிர்த்தாமலே, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அது மாப்பிள்ளைங்க."

அந்த மனிதரை அன்றைக்கு எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. இனி என்னை யார் நிறுத்துவது? எழுந்து நின்றுகொண்டேன்.

"அப்படின்னா இவ்ளோ வருஷமா நாம பாதி வேலதான் பண்ணியிருக்கோம். பொண்ணுங்கள மட்டும் விசாரிச்சிருக்கோம். ஆம்பளைங்களத் தனியா உக்கார வெச்சு, நீ சுத்தமான்னு நான் கேட்டா நல்லா இருக்காது. அதனால பெரியவங்க நீங்க கேளுங்க. இந்த வாரம் சாமுவேல கேளுங்க. அதோட விடாதீங்க, ஒழுங்குன்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? போன வருஷம் இங்க கட்டின மாப்பிள்ளைங்க எல்லாரையும் கூப்பிடுங்க. நெட் இல்லாம அனுப்பின பொண்ணுங்களுக்கு அத இனிமே திருப்பிக் குடுக்க முடியாது, ஆம்பளைங்க போட்ட கோட்டையாவது திரும்ப வாங்கலாம். அவங்க இன்னா சொன்னாங்கன்னு வார்த்தைக்கு வார்த்தை இங்க வந்து சொல்லுங்க. நான் இந்த நாற்காலியிலயே உக்காந்து கேக்கறேன்."

"அது... ஆம்பளைங்க விஷயம் வேற சிஸ்டர்" என்று ஒருவர் சிரித்து மழுப்பப் பார்த்தார்.

"எப்படிங்க வேற? சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். இன்னொருவர், தான் கட்டிய காலத்தை நினைத்தாரோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். கமிட்டியில் கல்யாணமாகாத ஆள் ஒருவரும் கிடையாது.

நான் செயலரைப் பார்த்தேன். 'போன வருஷம்' என்று நான் சொன்னபோதே அவர் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. அவருக்குத் தெரிந்திருந்தது. மகன் ஸ்கூட்டரை எங்கே ஓட்டிக்கொண்டு போனான் என்று முழுக்கத் தெரிந்திருந்தது. மேபல் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளைப் பக்கவாசலில் தள்ளிவிட்டால் அப்புறம் அவள் சொல்வதை யார் நம்புவார்கள் என்பதுதான் அவருடைய ஸ்டாண்டர்ட். எனக்கும் எல்லாம் தெரியும் என்பது அந்த நிமிடத்தில் அவருக்கும் புரிந்துவிட்டது.

பிள்ளைகளே, கவனமாய்க் கேளுங்கள். அவன் பெயர் என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. சொல்லியிருந்தால் என்ன இனிப்பாக இருந்திருக்கும் என்கிறீர்கள்! அந்த மனிதர் அதோடு எழுந்திருக்கவே மாட்டார். ஆனால் மறுநாள் ஆராதனையில் எல்லாக் கண்ணும் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பெண்ணின் வயிற்றின் மேல் இருந்திருக்கும். மேபலின் பேர் மறுபடியும் எல்லார் வாயிலும் அரைபட்டிருக்கும். இந்தக் கமிட்டி செய்கிற அதே வேலையை நானும் செய்திருப்பேன், ஆளை மட்டும் மாற்றி. அதற்காகவா நான் எழுந்து நின்றேன்? விழுங்கிவிட்டேன். அவ்வளவு கஷ்டப்பட்டு என் வாழ்நாளில் வேறு எதையும் விழுங்கியதில்லை.

செயலர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "பழசையெல்லாம் எதுக்கு சிஸ்டர் கிளறணும்?" என்றார்.

"நானும் அதையேதான் ஐயா சொல்றேன்" என்றேன். "யாரோட பழசையும் கிளற வேணாம்."

என்னையே பார்த்தார். நான் பெயரைச் சொல்லப்போவதில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆயர் அப்போது நிமிர்ந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "இனிமே சிஸ்டர் பொண்ண நலம் விசாரிப்பாங்க. மாப்பிள்ளைய நான் நலம் விசாரிப்பேன். இந்த சபையில விசாரிப்புன்னா அவ்வளவுதான். யாருக்காவது மறுப்பு இருக்குதா?"

மறுப்பு சொல்ல வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். கையைத் தூக்கினால் 'முதலில் உங்களைக் கேட்கலாமா?' என்று நான் கேட்பேன் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கையும் எழவில்லை. டீ ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் ஆராதனையில் மூன்றாம் வாசிப்பு. ஆயர் மேபல், சாமுவேல் பெயர்களை வாசித்து முடித்ததும் செயலர் எழுந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேபலின் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். செயலர் செருமினார். "சபை ஒழுங்கின்படி, மணமக்களுக்கு நெட்டும், பூச்செண்டும், பாட்டும், மணியும், நடுவாசலும் உண்டு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை குறைந்திருந்தது. சபை அதைக் கவனிக்காமலா இருக்கும்? பெண்கள் பக்கத்தில் காற்று அடித்த மாதிரி ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அதற்கடுத்த பாட்டுக்கு எழுந்தபோது பெண்கள் குரல் கூரையைத் தூக்கியது என்று நான் சொன்னால் நம்புங்கள்.

எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரு குடும்பம், இந்த சபை கெட்டுப்போய்விட்டது என்று வேறு சபைக்குப் போனது. கமிட்டியில் சிலர் அப்புறம் ஒரு வருடம் என்னைப் பார்த்தால் ஸ்தோத்திரம் என்று ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை, நிம்மதியாக இருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் கல்யாணம். நானே மேபலுக்கு நெட் வைத்துப் பின் குத்தினேன். அவள் நடுவாசல் படியில் காலை வைத்ததும் மணி அடித்தது. அவளுடைய அம்மா, ஊதாப் பட்டுப் புடவையில், முதல் பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "உக்காருங்கம்மா" என்று யாரோ சொன்னதற்கு, "நிக்கறேன், விடு" என்றார். செயலர் வரவில்லை. அவர் மனைவி மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மேபல் அந்தப் பெண்ணைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள், அந்தப் பெண்ணும் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. இன்றுவரை தெரியாது என்றே நினைக்கிறேன்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தோம். நடுவாசல் முன்னால் போட்டோ எடுக்கிற கலாட்டா. சொந்தக்காரர்கள், தொழிற்சாலைப் பெண்கள், லேத் பட்டறைக்காரர்கள் என்று ஒவ்வொரு கூட்டமாக நின்று எடுத்தார்கள். அப்போது கிரேஸ் அக்கா வந்தார். கிரேஸ் அக்கா எங்கள் சபையில் கடைசி பெஞ்சில் உட்காருகிறவர். பேரப்பிள்ளைகள் எடுத்தவர். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவர். நேரே மேபலிடம் போய் நின்றார்.

"கண்ணு, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு அன்னிக்கு நெட் போட விடல. மணியும் அடிக்கல. உன்னுத ஒரு நிமிஷம் குடுக்கறியா? ஒரே ஒரு போட்டோ."

எனக்கு இது தெரியாது. அவர் கல்யாணம் என் காலத்துக்கு முந்தியது. இத்தனை வருடம் அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்திருக்கிறேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மேபல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அங்கேயே, எல்லோர் முன்னாலும், தலையிலிருந்து பின்னைக் கழற்றினாள். நெட்டை எடுத்துக் கிரேஸ் அக்காவின் நரைத்த தலையில் வைத்து, இரண்டு பக்கமும் இழுத்துவிட்டுச் சரி பார்த்தாள். கிரேஸ் அக்கா கூட்டத்துக்குள் திரும்பி, "ஏங்க! இங்க வாங்க, வந்து நில்லுங்க" என்று தன் கணவரைக் கூப்பிட்டார். அவர் குரல் அவ்வளவு பெரிசு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பெரியவர் தடுமாறிக்கொண்டே வந்தார். பக்கத்தில் நின்றவர் திடீரென்று தன் கோட்டைக் கழற்றினார். கழற்றி என் கையில் கொடுத்தார்.

"அன்னிக்கு அவ நெட் இல்லாம நின்னா, நான் கோட் போட்டு நின்னேன்" என்றார். "இன்னிக்கு அவ போட்டுக்கட்டும். நான் இப்படியே நிக்கறேன்."

போட்டோக்காரர் எடுத்தார். எடுத்து முடிப்பதற்குள் ஒரு சேலை நகர்ந்து முன்னால் வந்தது. பாடகர் குழுவில் பாடுகிற ஒரு அம்மாள். அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால், அதுவரை கேட்டோரமாக நின்றுகொண்டிருந்த, எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருத்தி. யாரும் யாரையும் எதற்கு என்று கேட்கவில்லை. வரிசையில் நின்றார்கள், கணவன்மார் கையில் கோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். மணி அடிக்கிறவருக்கு என்ன தோன்றியதோ, மறுபடியும் கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார். பிரேசர் டவுன் முழுக்க, இன்றைக்கு யார் கல்யாணம் என்று திரும்பிப் பார்த்திருக்கும்.

"அம்மா, ரோல் தீந்துபோச்சு!" என்று போட்டோக்காரர் கத்தினார்.

பேச்சே இல்லாத அந்தச் சாமுவேல், முதல் தடவையாகச் சத்தம் போட்டுப் பேசினான்: "ஓடிப்போய் இன்னொண்ணு வாங்கினு வாங்கண்ணா! எல்லாரையும் எடுக்கணும்!"

மேபல் தலை கலைந்து, வெறுந்தலையோடு, பல்லுக்கு இடையில் பின்னைக் கடித்துக்கொண்டு, ஒரு தலையிலிருந்து நெட்டை எடுத்து அடுத்த தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். பின்னைக் குத்தி முடித்துவிட்டு, நடுவாசல் படியில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்:

"அடுத்தது யாரு? வாங்க!"